ஏழு மாதம் பதினொரு நாள்

இன்னொருவருக்குச் செருப்பு வாங்குவது லேசான காரியம் இல்லை. கால் அளவு நினைவில் இருந்தாலும், வீக்கம் எவ்வளவு, எந்த விரல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றெல்லாம் யோசிக்க வேண்டும். அம்மாவுக்காக நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பழுப்பு நிறத்தில், அடிப்பாகம் மெத்தென்று அமுங்கும் ஒரு ஜோடி கிடைத்தது. அப்போது நான் வெளிநாட்டில் இருந்தேன். அங்கே புதிதாகத் திறந்த ஒரு மருத்துவமனைக்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுக்க, எங்கள் மருத்துவமனை என்னைப் பதினான்கு மாதத்துக்கு அனுப்பியிருந்தது. ஊருக்குத் திரும்பிய சக ஊழியர் ஒருவரிடம் செருப்பைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அண்ணன் தொலைபேசியில் சொன்னான்: "அளவு கச்சிதமா இருக்காம்டா. வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு நடக்கிறாங்க."

அன்றைக்கு அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஐயா, எப்படி மனசு வந்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். பதறாமல் சொன்னால் உங்களுக்கும் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் அரைகுறை. கேலிக்குத்தான். பாதிக் கதவுக்கு வண்ணம் அடித்துவிட்டுத் தூரிகையைக் கழுவாமல் போட்டவன் நான். தட்டெழுத்து வகுப்புக்கு மூன்றே வாரம் போனேன். நீச்சலும் பாதியில் நின்றது. "இவனுக்கு மிதக்கத் தெரியும், கரை சேரத் தெரியாது" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அண்ணன் அப்படியில்லை, எடுத்ததை முடிக்கிறவன். அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். அதை நான் மறுக்கவில்லை.

நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது குளித்துக்கொண்டிருந்தாள், அல்லது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ரொம்பவும் கேட்டால், அவள் எப்போதோ பேசிப் பதிவாகியிருந்த குரலை அண்ணன் அனுப்புவான். "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்று இருக்கும். சந்தேகம் வரவில்லையா என்றால், வரவில்லை. சொல்கிறவன் அண்ணன் அல்லவா.

நான் திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் அண்ணன் என் பெட்டியை வாங்கிக்கொண்டான். வீட்டில் அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் அவன் மகளின் படிப்பு மேசை கிடந்தது. அலமாரிக்கு மேல் செருப்புப் பெட்டி. நான் ஒட்டிய நாடா ஒட்டினபடியே இருந்தது. என்னை உட்கார வைத்துத்தான் சொன்னான். அம்மா பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறாள். நான் இருந்த இடம் விமானத்தில் ஐந்து மணி நேரம்.

"நீ அங்க தனியா இருந்து என்னடா பண்ணியிருப்ப? அழுதிருப்ப. அதான் வேலைய முடிச்சிட்டு வரட்டும்னு இருந்துட்டேன்."

"சரிண்ணே" என்றேன்.

கோபம் வந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் நான் கத்தவில்லை. நாட்காட்டியை எடுத்து, அம்மா போன நாளிலிருந்து நான் வந்து சேர்ந்த நாள்வரை எண்ணினேன். ஏழு மாதம் பதினொரு நாள். அதன் பிறகு குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் அண்ணனுக்குக் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. அண்ணி பயந்துபோனாள். நான்தான் எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கட்டியிலிருந்து துளி சதை எடுத்து அனுப்பினார்கள். அதை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைப்பது என் வேலை. அன்றும் நானே செய்தேன், சீவல் சுத்தமாக வந்தது. எங்கள் டாக்டரம்மா நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"புத்துநோய்தான். ஆனா ஆரம்பம். உடனே வைத்தியம் பார்த்தா முழுசாக் குணமாயிடும். உங்க அண்ணன்தானே, நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

பக்குவமாகத்தான் சொன்னேன். அறிக்கையில் மூன்று வரியை மாற்றி அடித்தேன். மூன்று வாரம் கற்ற தட்டெழுத்து அதற்குப் போதுமானதாக இருந்தது. "சாதாரணக் கொழுப்புக் கட்டிண்ணே, ஒண்ணும் பயமில்ல" என்று காகிதத்தைக் கொடுத்தேன். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டான். "நீங்க வீட்ல இருக்கிறது எவ்வளவு தெம்பா இருக்கு தம்பி" என்றாள் அண்ணி. சதை எடுத்த மருத்துவரிடம், அண்ணன் வேறு இடத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னேன். டாக்டரம்மா விசாரிக்கும்போது, "நல்லாத் தேறிக்கிட்டு வர்றாரு மேடம்" என்பேன்.

அவன் தேறவில்லை. காய்ச்சல் வந்து வந்து போனது. இடுப்பு வாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். சத்து மாத்திரைகளை நானே வாங்கி வந்து, வேளை தவறாமல் தண்ணீரோடு நீட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், ஐயா. சாப்பிடுகிறவர் பரிமாறுகிறவனை நம்பினால் போதும். அண்ணன் ஒருநாள்கூட அந்த மாத்திரை எதற்கு என்று கேட்கவில்லை.

அறிக்கையை மாற்றிய நாளிலிருந்து நான் எண்ணி வந்த நாள் கணக்கு நிறைந்தது ஒரு சனிக்கிழமை. அண்ணி கடைக்குப் போயிருந்தாள். நான் உண்மையான அறிக்கையைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் இரண்டு முறை படித்தான், பிறகு தேதியைப் பார்த்தான்.

"எனக்குப் பிழைக்க வழி இருந்துச்சேடா."

"தெரிஞ்சிருந்தா என்னண்ணே பண்ணியிருப்ப? அழுதிருப்ப."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "அண்ணிக்கிட்ட இதைச் சொல்லாதடா. தாங்க மாட்டா" என்று மட்டும் சொன்னான். இரண்டு அறிக்கைகளையும் மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பார்த்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. இருபத்தாறாம் நாள் போய்விட்டான். அத்தனை நாளும் நான் பக்கத்தில் இருந்தேன், அம்மாவிடம் எனக்குக் கிடைக்காதது அது. தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியபோதுதான் அண்ணி காகிதங்களைப் பார்த்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி. அண்ணி உங்களிடம் சொல்லியிருப்பாள், இருந்தாலும் நானே சொல்வதுதான் முறை. நான் வெளிநாட்டிலிருந்து வந்த அன்று சாயங்காலமே அவள் தன் கைபேசியில் அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டினாள். மருத்துவமனையில் பதிவு செய்தது. செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பேசுவதைக் கேட்டேன். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. போட்டது போட்டபடி ஓடி வந்துடுவான் அந்த அரைகுறை. வாழ்க்கையில ஒண்ணையாவது அவன் முழுசா முடிக்கட்டும்." அண்ணனிடம் சத்தியம் வாங்குவதும் அதில் இருக்கிறது. அவன் அழுதுகொண்டே "சரிம்மா" என்கிறான்.

ஆக, மறைக்கச் சொன்னது அம்மாதான். அது எனக்கு முதல் நாளே தெரியும். அம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையை மாற்றியது நான். அண்ணன் செத்துப்போவான் என்று தெரிந்தேதான் மாற்றினேன். ஏழு மாதம் பதினொரு நாளில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும், இந்த ஒரு காரியத்தை நான் பாதியில் விடவில்லை.