பாலை மரத்தடியைக் காட்டிய முள்

மாங்குளத்தில் ஏறிய இருவர் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். சாரம் கட்டியவர், புதிதாக வாங்கிய அலவாங்கை, ஆள் உயர இரும்புக் கடப்பாரையை, இருக்கைக்கு அடியில் குறுக்கே கிடத்தினார். எனக்குக் கால் நீட்ட இடமில்லாமல் போயிற்று. துணுக்காய் பஸ் புறப்பட்டதும் அவர் ஒரு மடக்குக் கத்தியை எடுத்துச் சிநேகிதரிடம் கொடுத்தார்.

"கனடாவில இருக்கிற பெறாமகன், அண்ணையின்ர பெடியன், தந்துவிட்டவன். வாள், விசில், காம்பஸ் எல்லாம் இருக்கு. ஆனா ஒரு தடி வெட்ட ஏலாது. காம்பஸும் பிழை. காணி மூலையில எங்க நிண்டு பாத்தாலும் அந்தப் பாலை மரத்தடியைத்தான் காட்டுது."

"வீட்டடியில?"

"அங்க சரியா வடக்கைக் காட்டுது."

சிநேகிதர் குனிந்து, கத்தியை அலவாங்குக்குக் கிட்டப் பிடித்தார். காம்பஸின் முள் மெல்லத் திரும்பி அலவாங்கைப் பார்த்து நின்றது.

"மச்சான், இது இரும்பைத் தேடுது. அந்த மரத்தடியில என்ன புதைச்சு வைச்சிருக்கிறாய்?"

"நான் ஒண்டும் புதைக்கேல்லை. சண்டை முடிஞ்சு நாங்கள் திரும்பி வந்தாப் பிறகு, அந்த மூலையில ஒருத்தரும் மண்வெட்டி போடேல்லை. கண்ணிவெடி எடுக்கிற ஆக்களும் அங்கால வரேல்லை."

"அப்ப அலவாங்கு என்னத்துக்கு?"

"வேலிக்கட்டைக்குக் கிடங்கு தோண்ட. இண்டைக்குப் பின்னேரம் அந்த மூலையிலயிருந்துதான் தொடங்குவம் எண்டு..."

சிநேகிதர் கத்தியை மெல்ல அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

இருவரும் இறங்கும்போது சாரம் கட்டியவர் அந்தக் கத்தியை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். அலவாங்கை எடுக்கவில்லை; திரும்பியும் பார்க்கவில்லை.

பஸ் மறுபடி புறப்பட்டபோது அலவாங்கு என் கால்களை நோக்கி உருண்டு வந்தது.

"இது ஆரின்ர சாமான்?" என்று கண்டக்டர் கேட்டார்.

நான் கால்களைத் தூக்கிக்கொண்டேன்.