இப்போதெல்லாம்

வேதநாயகி அம்மாவுக்கு, ரவிசந்திரன் எழுதுவது.

கடிதம் எதுவானாலும் முதலில் ரஃப் காப்பி போட்டுவிடுவேன். சோளிங்கர் பள்ளிக்கூடத்தில் பழகியது. இதற்கும் போட்டேன்.

நேற்று, சின்னதுரை உங்களுக்குத் திருப்பி அனுப்பிய என் கடிதத்தோடு வந்தீர்கள். "நாலு தரம் படிச்சேன்ப்பா. எம்புள்ளையப் பத்திக் குத்தமா ஒரு வார்த்தை இல்லையே. அப்புறம் ஏன் வேணாம்னாங்க?" என்றீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது உங்களுக்கு. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மகன் சுனிலும் தீபாவும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். அவள் அப்பா சின்னதுரை இங்கே புனேயில் எங்கள் டிப்போவில் ஓய்வு பெற்றுக் காட்பாடிக்குப் போனவர். பையன் எப்படி என்று டிப்போவில் யாரிடமாவது எழுதி வாங்கச் சொன்னார். தீபா தான் வேலை பார்க்கும் பாணேர் ஆபீஸிலிருந்து நேரே டிப்போவில் என் மேஜைக்கு வந்தாள்.

"ரவி அண்ணா, நீங்க எழுதினா அப்பா மறுபேச்சு பேசமாட்டார். எனக்குத் தமிழ் எழுத வராது. சுனில் அதுக்கும் மேல. போர்டு மராட்டியில இருந்தாத்தான் பஸ்ஸே ஏறுவான்."

சிரித்தாள். நான்கு வருஷமாக நான் ரவி அண்ணா. கட்கி டிப்போவிலிருந்து மாற்றலாகி வந்த சுனில் நான்கே மாதத்தில் வெறும் சுனில். அண்ணன் என்றால் மூத்தவன் என்றுதான் அகராதி சொல்லும். அவள் வாயில் அதற்கு, அங்கேயே நில் என்று பொருள்.

சுனில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. முதல் ரஃப் காப்பியில் 'குடிப்பதில்லை' என்றே எழுதினேன். ஐந்தாவதில், 'இப்போதெல்லாம் குடிப்பதில்லை' என்று வந்தது. ஒரு சொல்தான் கூடுதல். தீபாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத் தமிழ் அவளுக்குப் பாதிதான் ஏறும். "சூப்பர்" என்று வாங்கிப்போனாள்.

சின்னதுரை போன் செய்தார். "அதென்ன ரவி, இப்போதெல்லாம்? அப்ப முன்னாடி?"

"அதெல்லாம் எதுக்கு மாமா, விடுங்க."

"பொம்பளைங்க சகவாசம்?"

"அவங்கம்மா வந்து கூட இருக்க ஆரம்பிச்சதிலேர்ந்து ஒண்ணும் இல்ல மாமா."

அதில் எது பொய்? நீங்கள் கூடத்தானே இருந்தீர்கள்.

தீபாவைக் காட்பாடிக்கு வரவழைத்து வேறிடம் பார்த்தார்கள். சுனில் என்னிடம் வந்து நின்றான். "நான் என்ன பண்ணேன் ரவி சார்? நீங்க இன்னொரு தரம் எழுதுங்க." எழுதினேன். 'சுனில் மிகவும் மனம் உடைந்திருக்கிறான். என்ன செய்வான் என்று சொல்வதற்கில்லை. மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.' பயந்துபோய், குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சுனில் ரயிலுக்கு முன்னால் போய் நின்றான்.

எப்படி எழுதினால் எப்படி விளங்கும் என்று தெரிந்தே எழுதினேன். அதை மறைக்கவில்லை. பொறாமையா என்று மட்டும் கேட்காதீர்கள். அவள்மேல் எனக்கு அக்கறை.

தீபாவின் கணவர் ராம்பிரசாத், அவள் புனேயில் எப்படி இருந்தாள் என்று விசாரித்து எழுதியிருந்தார். ஐந்து ரஃப் காப்பி போட்டு, நல்ல விதமாகவே பதில் எழுதிவிட்டேன். அவர் திருப்பி அனுப்பினால் அவள் வந்து இறங்க ஓர் இடம் வேண்டாமா? என் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.