அம்ரீனுக்கு ஒவ்வாதவை

அம்ரீனுக்குச் சப்பாத்தியை முக்கோணமாக வெட்டிக் கொடுத்தால்தான் இறங்கும், மேடம். முழுசாக வைத்தால் தொடமாட்டாள். ஆஸ்பத்திரியில் யாராவது அதைக் கவனிக்கிறார்களா என்று கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். மற்றபடி இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் வாடாதான். நோன்பு மாதத்தில் எங்கள் பெரியபட்டினத்தில் இறால் வைத்துப் பொரிக்கிற பலகாரம். அம்ரீனுக்கு அப்போது மூன்று வயது. பக்கத்து வீட்டு ஜைனம்பு லாத்தா ஆசையாக அரை வாடா கொடுத்தார். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பு முழுக்கத் தடித்து, நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மதுரை டாக்டர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். இறால், நண்டு, நிலக்கடலை. ஆஸ்துமாவும் உண்டு என்றார்.

கடற்கரை ஊரில் இறால் வாடை படாமல் பிள்ளை வளர்த்துப் பாருங்கள், அப்புறம் என்னைப் பற்றிப் பேசலாம். அவளுக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய். மொட்டை மாடியில் கருவாடு காய வைக்க மாமியாரையே விடவில்லை. தலையணையை வாரம் ஒருமுறை வெயிலில் போடுவேன். வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர் அடுப்படியில் ஒன்று, கட்டிலருகே ஒன்று, என் கைப்பையில் ஒன்று. வெளியில் யார் மிட்டாய் நீட்டினாலும், "உம்மாட்ட கேட்டுட்டு வாரேன்" என்பாள். அந்த வயதில் எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லும்? டாக்டர் தன் நர்ஸ்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் சஃபீர் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அந்த வாடா விஷயம் நடந்தது அவர் கிளம்புவதற்கு முந்தின நாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு இன்னும் இருபது நாள் இருந்தார். மேடம், அந்த இருபது நாள் மாதிரி எனக்கு வாய்த்ததில்லை. மருந்துப் புகை விடுகிற மெஷினை அவர் குட்டிக் கப்பல் என்பார். மாஸ்க்கைப் பிள்ளை முகத்தில் பிடித்துக்கொண்டு கப்பல் ஹாரன் அடிப்பார். தனுஷ்கோடிக்குப் போனோம். மீன் பொரிக்கிற கடை வரும்போதெல்லாம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி ஓடுவார். நானும் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அவரோடு அப்படிச் சிரித்தேன்.

பிறகு போய்விட்டார். வீடியோவில் முகம் வரும். ஆள் நடக்கிற சத்தம் வராது.

அடுத்த லீவு முடியப் போகையில் கொஞ்சம் கூனி இறாலைக் காய வைத்துப் பொடித்தேன். நீங்கள் எழுதியிருப்பதுபோல் ஆத்திரத்தில் செய்ததில்லை. யோசித்துத்தான் செய்தேன். ஒரு சிட்டிகைகூட வராது, ஊசி முனையளவு, தேனில் குழைத்து. இன்ஹேலரை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரரைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன். பொறுப்பில்லாதவளாக இருந்தால் அதெல்லாம் செய்வேனா? இரண்டு நாளில் அம்ரீன் எழுந்து விளையாடினாள். சஃபீர் இன்னும் ஒரு மாதம் இருந்தார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த மே மாதம் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டும், தெரிகிறது.

கிளம்புகிற காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார். "ரெண்டே மாசம் நஸீரா. வேலைய ஒப்படைச்சுட்டு வந்துர்றேன். என் கூட்டாளி சதக்கு ராம்நாட்ல ஏசி கடைக்கு இடம் பாத்துட்டான். இனிமே இங்கனதான்."

"எல்லாரும் இப்படித்தான் மச்சான் சொல்லிட்டுப் போறாங்க."

"நான் எல்லாருமா?"

நல்ல மனிதர். பொய் சொல்லமாட்டார். ஆனால் இரண்டு மாதம் இரண்டு மாதம்தானே, மேடம். ரெகுநாதபுரம் தாண்டிவிட்டேன் என்று கார் டிரைவர் போன் செய்தார். நான் அடுப்படிக்குப் போய்த் தேனை எடுத்தேன்.

அம்ரீன் கரண்டியை முகர்ந்து பார்த்தாள். "நாறுது உம்மா."

"சளி மருந்து. முழுங்கிரு, வாப்பா கெளம்புறாங்கள்ல."

முழுங்கிவிட்டாள். இந்த முறை ஊசி முனையளவைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது. போன தடவை சீக்கிரம் சரியாகிவிட்டதே என்று நான்தான் கூட்டினேன்.

கார் வந்து பெட்டிகளை ஏற்றும்போது இருமல் ஆரம்பித்தது. சஃபீர் டிரைவரிடம் பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினார். "மெஷினப் போடு புள்ள" என்றார். கரண்ட் இல்லை என்றேன். "இன்ஹேலர் எங்க?" என்றார். தேடுகிறேன் என்றேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் காரிலேயே போனார். ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் அம்ரீனின் நகமெல்லாம் நீலமாகிவிட்டதாம். மதுரையில் மூன்று நாள் குழாய் வழியாக மூச்சு. நான்காம் நாள் கண் விழித்ததும் அவள் சொன்னதாக சஃபீர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "உம்மா தந்த தேன் கருவாடு மாரி நாறுச்சு வாப்பா. உம்மாதானேன்னு குடிச்சேன்."

பிள்ளை பொய் சொல்லவில்லை. நான் வளர்த்த பிள்ளை. சஃபீர் அவள் கட்டிலைவிட்டு நகரவே இல்லை என்கிறார்கள். தம்மாம் வேலையையும் போனிலேயே விட்டுவிட்டாராம். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அன்றைக்கு மின்தடை ஏதும் இல்லையே என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், கரண்ட் இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் இருந்த மனிதர் மேலே பார்க்கவில்லை. இன்ஹேலர் என் துப்பட்டாவுக்குள் கையில்தான் இருந்தது, மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். கொடுப்பதற்குத்தான் நின்றேன், மேடம். டிரைவர் அதுவரை ஒரு பெட்டியைத்தான் இறக்கியிருந்தார். இன்னொரு பெட்டி டிக்கியிலேயே இருந்தது.