கேனில் ஊற்றிக் கொடுத்தவன் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே, ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, பணிமனைத் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஸ்டோர் கீப்பரின் வணக்கம். நெடுநேரம் நின்று பேசத் தெம்பில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாட்களாகிவிட்டன. காலையில் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். நமது தலைமை மெக்கானிக், நாற்பத்திரண்டு லாரிகளின் மருத்துவர், நம் எல்லோருக்கும் ‘ஆறட்டும் அண்ணன்’, இன்று இல்லை! இதை எட்டு நாளாக எனக்கு நானே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இன்னும் மண்டையில் ஏறவில்லை.

ஏன் ஆறட்டும் அண்ணன்? உறவினர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வண்டி சூடாகி வந்து நிற்கும். ஓட்டுநருக்கு அவசரம், மேனேஜருக்கு அவசரம், சரக்கு ஏற்றியவருக்கு அதைவிட அவசரம். இவர் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ரேடியேட்டர் முன்னால் உட்கார்ந்து, “ஆறட்டும்” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே, கட்டை மீசை ஓட்டுநர், அவர் ஒருமுறை மலைப்பாதையில் வண்டி கொதித்துப்போய் நிற்கத் தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணே, மூடியைத் திறந்து தண்ணி ஊத்தட்டுமா?” அண்ணன் போட்ட சத்தத்தில் பணிமனையே திரும்பிப் பார்த்தது. “மூடி மேல கை வெச்சே, நேரா வந்து அந்தக் கையை ஒடிச்சிடுவேன்! மூஞ்சி வேணுமா வேணாமாடா உனக்கு? தள்ளிப் போய் உக்காரு!” கட்டை மீசைக்கு இன்றும் மீசை வைக்க முகம் இருக்கிறதென்றால் யாரால்? அந்த அதட்டலால்!

லாரிக்குக் கூலன்ட் என்றால், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் வண்ணத் தண்ணீர் என்றுதான் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அண்ணன் விடமாட்டார். “சூட்டைத் தணிக்கிறது பாதி வேலைதான்யா. பிஸ்டன் ஓடுற குழாய் இருக்கே, லைனர், அது டீசல் வண்டியில ஓயாம அதிரும். அந்த அதிர்வுல சுத்தி இருக்கிற தண்ணியில குமிழி வரும். குமிழி உடைஞ்சு உடைஞ்சு இரும்பையே ஊசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுடும். அதைத் தடுக்கிற மருந்து இருக்கிற கூலன்ட்தான் நம்ம வண்டிக்கு. காருக்கு ஊத்துறதெல்லாம் இங்க ஆகாது” என்பார். பாதி கூலன்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் பக்கத்திலேயே வரக்கூடாது. “நிறத்தைப் பார்க்காதே, டிரம்மைப் படி. சாயம் எவன் வேணா கலக்கலாம்.” இந்த வாசகத்தை எத்தனை முறை கேட்டிருப்போம்? சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருக்கும், கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்திருந்தது.

தோழர்களே, இதுவரை பேசியது எல்லோருக்கும் தெரிந்தது. இனிப் பேசப்போவது இன்று காலைவரை இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. அதில் ஒருவர் போய்விட்டார்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு நம் வண்டிகளில் மூன்று எஞ்சின்கள் அடுத்தடுத்துப் போயின. ரேடியேட்டருக்குள் சேறு, லைனரில் ஓட்டை, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் ஊற்றிய காப்பி மாதிரி வழிந்தது. விசாரணை நடந்தது. “தலைமை மெக்கானிக்கின் கவனக்குறைவு” என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பணிமனை மேலாளராக வரவேண்டியவரை டயர் கழற்றும் பகுதிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் டயர் உருட்டினார். நம்மில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்தோம். ‘ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் தன் வண்டியில கோட்டை விட்டுட்டார்’ என்று பேசவில்லையா? பேசினோம்!

அது அவர் தவறு இல்லை. என் தவறு.

ஆமாம், முதலாளி அவர்களே, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். அந்த வாரம் வழக்கமான டிரம் வந்து சேரவில்லை. காலையில் எட்டு வண்டிகள் கிளம்பவேண்டும். இரவல் வாங்கிய ஒரு டிரம் மூலையில் கிடந்தது. அதுவும் சிவப்பு, நாம் ஊற்றுவதும் சிவப்பு. சிவப்புக்குச் சிவப்பு சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். ஸ்டோரிலிருந்து கேனில்தான் ஊற்றிக் கொடுப்போம், டிரம் அவர் கண்ணில் படாது. ஜன்னலில் கேனை வாங்கிக்கொண்டு அண்ணன் கேட்டார்: “ஸ்டோரு, இது அதே கூலன்ட்தானே?”

நான் டிரம்மைப் படிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதேதாண்ணே” என்றேன்.

அவர் நம்பினார். யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் படித்துப் பார்க்கிற மனிதர், என் வார்த்தையை மட்டும் நம்பினார். முதல் வண்டியைக் கட்டி இழுத்து வந்த அன்றுதான் ஓடிப்போய் டிரம்மைப் படித்தேன். ‘கார்களுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம், மற்ற வண்டிகளையாவது நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரம்மின் லேபிளைச் சுரண்டி எடுத்தேன். டிரம்மை உருட்டிக்கொண்டுபோய்ப் பழைய இரும்போடு போட்டேன். தெரியாமல் செய்தது முதல் தவறு. லேபிளைச் சுரண்டியது தெரிந்தே செய்தது.

விசாரணையில் நீங்கள்தான் கேட்டீர்கள், முதலாளி. “ஊத்தினது யாரு?” “நான்தாங்க.” “வண்டி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு?” “நான்தாங்க.” என் பெயரை அவர் எடுக்கவில்லை. நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பயம்தான் இருந்தது.

அடுத்த நாள் அண்ணன் மகள் பள்ளிச் சீருடையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பலகையில் இருந்ததைப் படித்துவிட்டாள். “அப்பா, நீங்க பாக்காமலா ஊத்தினீங்க?” என்று கேட்டாள். “ஆமாம்மா, பாக்கல” என்றார். ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். அம்மா, உன் அப்பா பார்க்காதது டிரம்மை அல்ல. என்னைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்று சிலகாலம் மனதைத் தேற்றிக்கொண்டேன். இல்லை, தெரிந்திருந்தது. கேனில் மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, நம் கூலன்ட்டையும் கலந்து அலமாரியில் வைத்தார். ஒரு வாரத்தில் அடியில் சேறு இறங்கியது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே பதினோரு வருடம் அந்த பாட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒருநாள் தாங்கமாட்டாமல், “அண்ணே, அதை எடுத்துடுங்களேன்” என்றேன். “அது வண்டிக்காரங்க பாக்குறதுக்கு வெச்சிருக்கேன்யா, உனக்கில்லே. போய் சாப்பிடு” என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

டயரை விட்டு மீண்டும் எஞ்சினுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு ரேடியேட்டர் கழுத்திலும் கம்பியால் ஒரு தகடு கட்டியது. என்ன கூலன்ட், எந்தத் தேதியில் சோதித்தது, யார் கையெழுத்து. திங்கள்தோறும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, சோதனைக் காகிதத்தை நனைத்து, நிறம் மாறுவதை வைத்து மருந்து போதுமா என்று பார்த்து, தகட்டில் ஆணியால் கீறுவார். இந்த ஒன்பது வருடத்தில் நம் வண்டி ஒன்றாவது கூலன்ட் கோளாறால் வழியில் நின்றதா? நிற்கவில்லை! போன திங்கள்கிழமைதான் முதல்முறையாக ஒரு தகட்டிலும் தேதி ஏறவில்லை. நாற்பத்திரண்டு வண்டிகளும் சோதிக்காமலே கிளம்பிப் போயின.

இன்று காலை அண்ணியார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. “என்கிட்ட தனியா சொல்லி என்ன ஆகப்போகுது? அவரைப் பத்தி எல்லார் முன்னாடியும்தானே ஒட்டினாங்க? மைக்ல சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன் அண்ணி. பதினோரு வருடம் தாமதம்.

முதலாளி அவர்களே, என் வேலையை என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம். எனக்காக நான் எதையும் கேட்கவில்லை. பலகையில் ஒட்டியது தவறு என்று அதே பலகையில் ஒட்டுங்கள், அது போதும். நாளை திங்கள்கிழமை. வேலையில் இருந்தால் ஸ்டோர் கீப்பராக, இல்லாவிட்டால் வாசலில் அனுமதி கேட்டு நிற்கும் வெளியாளாக, விடிந்ததும் வருவேன். நாற்பத்திரண்டு மூடியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவோம். தோழர்களே, என்னோடு நில்லுங்கள். கேனில் கொடுக்கும் வழக்கம் இன்றோடு முடிந்தது. இனி டிரம் வெளியே வரும், ஊற்றுகிறவர் படித்துவிட்டு ஊற்றுவார்.

இதோ என் கையில் இருப்பது ஒரு தகடு. விசாரணை நடந்த தேதியைக் கீறியிருக்கிறேன். ஊற்றியது கார் கூலன்ட் என்று கீறியிருக்கிறேன். கீழே என் கையெழுத்து. இதை அந்த பாட்டிலின் கழுத்தில் கட்டப்போகிறேன்.

அண்ணே, அன்னைக்கு ஜன்னல்ல நின்னு ஒரு கேள்வி கேட்டீங்க. இப்பதான் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். அது அதே கூலன்ட் இல்லண்ணே.