பதினொன்று பத்து

உயில் எழுத வயதாகியிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், மேடம். நான் முதல் உயிலை இருபத்திரண்டு வயதில் எழுதினேன். முதல் சம்பளம் வாங்கிய வாரம். அப்போது எனக்கென்று இருந்தது ஒரு சைக்கிள், ஒரு கால்குலேட்டர், ஒரு அகராதி. அப்பா படித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளின் நிறத்தைக் குறிப்பிடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்பா பேருந்து அலுவலகத்தில் நேர அட்டவணை போட்டவர். முப்பத்தைந்து வருடம். எந்த வண்டி எங்கே தாமதமாகும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் வேலை. வீட்டிலும் அப்படித்தான். வாழ்க்கையில் எது மாறினாலும் அந்த வாரத்துக்குள் உயிலை மாற்றி எழுதிவிட வேண்டும். வேலை, கல்யாணம், குழந்தை, நோய், எதுவானாலும். அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளையிடம் வெள்ளைத்தாளை நீட்டினார். “மாமா, ஒரு வாரம் எப்படியாவது உயிரோட இருந்துக்கறேன், ஊர் சுத்திட்டு வந்து எழுதறேன்” என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். அப்பா தேதி குறித்துக்கொண்டார்.

அப்பாவின் உயில் ஒரு நீல அட்டைக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்கப் படிப்பார். மாற்றம் இல்லையென்றால் ஓரத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இடுவார். பதினோரு வருடமாக மாற்றம் இல்லை. அதற்கு முன் அம்மா படுக்கையில் கிடந்தபோது அக்கா வரவில்லை. கைக்குழந்தை, லீவு கிடைக்கவில்லை என்றாள். அந்த வாரமே வீடு முழுவதும் என் பெயருக்கு வந்தது. நான் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். இரண்டு வரன்களை நானே வேண்டாம் என்று சொன்னேன். அப்பாவைத் தனியாக விட முடியாது.

இந்த வருடம் பிறந்தநாள் இரண்டாம் தேதி. படித்து முடித்தார். பேனா மூடியைக் கழற்றினார். தேதி போடவில்லை.

“சின்னது, பெரியவளுக்கும் பாதி எழுதிடலாம்னு பாக்கறேன்.”

ஏன் என்று கேட்டேன்.

“கோவத்துல எழுதினது இது. அவளும் என் பொண்ணுதானே. வக்கீல் இருபதாம் தேதிதான் ஊருக்கு வர்றார். அதுவரைக்கும் இருப்பேன்ல?” என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது. எழுபத்தாறு வயதுக்காரர், பதினோரு வருடம் பேச்சே எடுக்காத மகளைப் பற்றித் திடீரென்று பேசுகிறார். குணம் மாறுவது மறதி நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். தெளிவாக இருந்த அப்பா எடுத்த முடிவைத் தெளிவில்லாத அப்பாவிடமிருந்து காப்பாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை.

அன்றே சோதித்தேன். எளிய சோதனைதான். ஒரு தாளில் கடிகாரம் வரைந்து, அதில் பதினொன்று பத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்காமல் வரைந்து கொடுத்தார். வாங்கி மடித்து என் கோப்பில் வைத்தேன். சந்தேகம் தீர்ந்துவிட்டது.

அவருடைய மாத்திரைகளை ஏழு மூடி போட்ட டப்பாவில் ஞாயிறுதோறும் நான்தான் நிரப்புவேன். அந்த ஞாயிறு இதய மாத்திரைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சத்து மாத்திரை போட்டேன். மறுநாள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“நிறம் மாறியிருக்கே.”

“கம்பெனி மாத்திட்டாங்கப்பா.”

“நீ சொன்னா சரி” என்று விழுங்கினார்.

அவர் கஷ்டப்படவில்லை என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம். கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒருமுறை டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். வெயில் தணியட்டும் என்றேன். பதினெட்டாம் தேதி பிற்பகல் போய்ச் சேர்ந்தார். அவர் கை என் கையில்தான் இருந்தது.

நான் மாட்டிக்கொண்டது ஒழுங்காக இருந்ததால்தான். பதினான்காம் தேதியே என் உயிலை மாற்றி எழுதிவிட்டேன். ‘எனக்குச் சொந்தமான வீடு’ என்று எழுதியிருந்தேன். கூட வேலை செய்கிற இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மாற்றம் வந்தால் அந்த வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்பது பழக்கம். மாற்றம் வந்துவிட்டதாகவே என் மனத்தில் பட்டது.

அந்த உயிலைக் காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவிடம் கொடுத்ததும் நான்தான். எனக்குப் பிறகு வீடு அவளுக்கு என்று அதில் இருக்கிறது. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு. அதனால் பேராசை என்று மட்டும் எழுதாதீர்கள். அக்கா நின்றபடியே படித்தாள். தேதிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு வேணாம்னுதான்டி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அவ தனியா இருக்கா, அவளுக்கே இருக்கட்டும்னேன்” என்றாள். பிறகுதான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

இப்போது நீங்கள் விரித்து வைத்திருப்பதுதான் அப்பா கடிகாரம் வரைந்த தாள். ஆமாம், பன்னிரண்டு எண்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பெரிய முள் இரண்டில் நிற்கிறது. சின்ன முள் பதினொன்றைத் துளி தாண்டியிருக்கிறது, பத்து நிமிடத்துக்கு எவ்வளவு தாண்ட வேண்டுமோ அவ்வளவு. ஓரத்தில் தேதி போட்டு, சுருக்கொப்பமும் இட்டிருக்கிறார்.

அன்றும் நான் இதையேதான் பார்த்தேன். இவ்வளவு சரியாக வரைவதுகூட ஓர் அறிகுறிதான், மேடம்.