இறங்காத பெடல்

“கிளட்ச் இளகுனதுலிருந்து எனக்கு மனசே ஆறலீங்க அக்கா.”

அவிநாசியிலிருந்து கோவை போகும் பேருந்தில், பக்கத்து வரிசையில் இருந்த பெண் தன்னோடு வந்தவளிடம் இப்படிச் சொன்னாள்.

“எந்தக் கிளட்ச் அம்மணி?”

“எங்க பிக்கப் வண்டியோடதுங்க. கல்யாணமான புதுசுல ஓட்டிப் பழகறேன்னு ஏறி உக்காந்தேன். எவ்வளவு அமுக்கியும் பெடல் எறங்கல. பொம்பள காலுக்கு அது எறங்காதுன்னாரு எங்க ஊட்டுக்காரரு. நானும் நம்பி உட்டுப்போட்டேன். அதையே மிதிச்சு மிதிச்சு இப்ப அவருக்கு முழங்கால் போயிருச்சு. ஓட்ட ஆளில்லாம வண்டியை விக்கறாப்ல ஆச்சுங்க.”

“அதுக்கு என்ன பண்றது.”

“வண்டி வாங்க வந்தவரு, கிளட்ச் கல்லாட்டம் இருக்குது, சரி பண்ணிக் குடுங்கன்னாரு. மெக்கானிக் வந்து பார்த்தா கேபிள் துருப்பிடிச்சுக் கெடக்குது. புதுசு மாத்தி, பெடலுக்கடியில கிரீஸ் வெச்சாரு. நான் சோறாக்கி எறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு. இப்ப பஞ்சாட்டம் எறங்குதுங்க.”

டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவளுடைய இடது கால் பேருந்தின் தரையை அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

“ஒருக்காவாச்சும் ஓட்டிப் பார்த்தியா?”

“ஊட்டு வாசல்லிருந்து கேட் வரைக்கும் ஓட்டுனேனுங்க. எங்க ஊட்டுக்காரரு பார்த்துட்டே நின்னாரு. அங்க நிறுத்தி, எறங்கி, வண்டி வாங்க வந்தவருகிட்டச் சாவியைக் குடுத்துப்போட்டேன்.”