முதல் கரண்டி

தம்பிராஜா அண்ணன் கோப்பிக்குச் சீனி குறைவாகப் போடச் சொல்வார். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை, இன்ஸ்பெக்டர் துவான். எங்கள் காஜா பெராங்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்தப் பொன்னுதுரை சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்றுதான் சொல்வார்கள்.

தம்பிராஜா அண்ணன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்குத் தெரிந்த இருமல் மருந்தின் செய்முறையை ஒற்றைத் தாளில் அச்சடித்து ஊருக்கே சும்மா கொடுத்தார். யாரும் காய்ச்சலாம், மாற்றலாம், விற்கலாம். ரகசியம் என்று பூட்டி வைத்தால் மருந்துக்கே இருமல் வந்துவிடும் என்பார். தாளின் அடியில் சில நிபந்தனைகள் இருந்தன. அவரை எங்கே பார்த்தாலும் ஒரு கோப்பி வாங்கித் தர வேண்டும். மாற்றிச் செய்தால் வேறு பெயர் வைக்க வேண்டும், திட்டு அவருக்கு வரக் கூடாது. கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாமியார் விஷயத்திலும்கூட. ஏதாவது ஆகிவிட்டால் அவரைத் தேடக் கூடாது, அவர் மீன் பிடிக்கப் போயிருப்பார். எல்லாவற்றுக்கும் கீழே, எப்போது காய்ச்சினாலும் முதல் கரண்டி சொந்தப் பிள்ளைக்கு என்று போட்டிருந்தது.

ஊரே படித்துவிட்டுச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதர் தன் பிழைப்பையே தூக்கிக் கொடுத்திருக்கிறார், அவர் சொன்னபடி நடப்பதுதானே மரியாதை. என் மளிகைக் கடைக்குப் பின்னால் மாதம் ஒருமுறை காய்ச்சுவேன். முதல் கரண்டி என் மகள் கோகிலாவுக்கு. நாலு வயது. இருமல் இல்லாவிட்டாலும் வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள்.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்ட வாரத்தில் பிள்ளைகளெல்லாம் கூட்டத்திலும் மழையிலும் நின்று இருமலோடு திரும்பினார்கள். கடையில் தேன் தீர்ந்துவிட்டது. கொண்டு வருகிறவன் கொண்டாட்டத்தில் ஆளையே காணோம். லோரி பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் வைத்துவிட்டுப் போன டின் ஒன்று இருந்தது. உள்ளே தேன் மாதிரியே கெட்டியாக ஏதோ ஒன்று, நாக்கில் வைத்தால் நல்ல இனிப்பு. டின்னில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறீர்கள். ஆங்கிலம். எனக்கு வராது. தம்பிராஜா அண்ணனுக்கு வரும், கேட்டிருக்கலாம். மாற்றலாம் என்று அவரே எழுதிக் கொடுத்தபிறகு எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டேன். வேறு பெயர் வைக்க வேண்டுமே, போத்தலில் கோகிலா மருந்து என்று எழுதி ஒட்டினேன்.

முதல் கரண்டி அவளுக்குத்தான். இனிப்பாக இருக்கிறது என்று இரண்டு நாள் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தாள். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். காய்ச்சல் என்று எல்லோரிடமும் நானேதான் சொன்னேன்.

"அந்த மருந்த கீழ ஊத்திடுங்க," என்றாள் என் மனைவி சீதா. ஊற்றியிருப்பேன், துவான். ஊற்றினால் என்ன அர்த்தம்? என் கையாலேயே கொன்றேன் என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடாதா? அந்த நினைப்போடு என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். அடுத்த வீட்டு ருக்மணி இருமுகிற மகனோடு வந்தாள்.

"உங்க புள்ளைக்கே குடுத்த மருந்துதானே, அண்ணே?"

"ஆமாம்மா, குடுத்தேன்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுபோல ருக்மணிகூட வேண்டியிருக்க மாட்டாள். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தேன். அவன் பிழைத்தால் மருந்தில் குற்றமில்லை, கோகிலாவைக் காய்ச்சல்தான் கொண்டுபோனது. அவன் பிழைக்கவில்லை. ஆனால் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். அதனால் அப்துல் அஜீஸின் மகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல திடமான பிள்ளை, ஆறு வயது. அவளும் போனாள்.

அப்போதுதான் தம்பிராஜா அண்ணன் கடைக்கு வந்தார். கோப்பி வரவழைத்தேன். அவர் தொடவில்லை.

"தேனுக்குப் பதிலா என்னா போட்ட, பொன்னுதுரை?"

தேன்தான் என்றேன். போத்தலை முகர்ந்து பார்த்தார், டின்னில் இருந்த ஆங்கிலத்தைப் படித்தார், லோரிக்கு ஊற்றுகிற விஷம் என்று சொல்லி அழுதார். மீன் பிடிக்கப் போகாமல் நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

ருக்மணியின் மகனையும் அப்துல் அஜீஸின் மகளையும் கொன்றது நான்தான். தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோகிலாவின் பெயரை மட்டும் இன்னும் எழுதாதீர்கள். கடையிலிருந்து நீங்கள் எடுத்து வந்ததில் ஒரு போத்தல் திறக்காமலே இருக்கிறது. இருமலோடு இன்னும் ஒரே ஒரு பிள்ளை கிடைத்தால் போதும், துவான். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.